கழுத்து நின்ற மூன்றாவது துணிப் பொம்மை

முதல் இரண்டு பொம்மைகளுக்கும் தலை மார்பில் சாய்ந்துவிட்டது. மூன்றாவது ஆறு வாரமாக அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. இடையில் இரண்டு முறை வாளியில் துவைத்துக் கொடியில் காயப்போட்டாயிற்று. கழுத்து அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. துணிப் பொம்மை செய்து பார்ப்பவர்கள் முதலில் தோற்கும் இடம் கழுத்துதான் என்பதால், எந்த அளவில் தவறு நடந்தது, எந்த அளவு நின்றது என்பதை வரிசையாகக் குறித்து வைக்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவான குறிக்கோள் ஒன்று: சுமார் 16 இஞ்ச் உயரம், கை கால் மடங்கி உட்கார வேண்டும், பொத்தானோ மணியோ இல்லாமல் சிறு குழந்தை கையில் தரக்கூடியதாக இருக்க வேண்டும், தண்ணீரில் துவைக்க முடிய வேண்டும். வீட்டில் கிடக்கும் பழந்துணி எவ்வளவு பயன்படுகிறதோ அவ்வளவு நல்லது.

முதல் பொம்மைக்கு எடுத்தது பழைய வேட்டி. மெத்தென்று இருக்கும், தோலுக்கு இதமாக இருக்கும் என்பது கணக்கு. நிறைக்கும்போது அக்குளில் தையல் பக்கத்திலேயே துணி கிழிந்தது. தையல் விடவில்லை, நூலும் அறவில்லை, துணிதான் விட்டது. பல வருடம் வெளுத்த வேட்டியில் இழைகள் ஒல்லியாகிவிடும். பொம்மைக்குள் பஞ்சைத் திணிக்கும் அழுத்தம் உடுத்தும்போது வரும் இழுப்பை விடப் பல மடங்கு. பழந்துணியை உடம்புக்குப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் சேலையின் உள்தலைப்பை எடுக்கலாம். இடுப்பில் செருகி மறைந்தே இருக்கும் அந்த முதல் முக்கால் மீட்டர் வெயில் படாமலும் உராயாமலும் இருக்கும். உட்காரும் இடத்தில் வரும் பகுதியையும் கால் பக்கக் கரையையும் தொடவே கூடாது. துணியைச் சோதிக்க எளிய வழி: இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்துத் துணியைப் பக்கவாட்டில் பலமாக இழுக்க வேண்டும். மெல்லிய கிழிசல் சத்தம் கேட்டால் அது சட்டைக்கும் பாவாடைக்கும் மட்டுமே ஆகும்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் காடாத் துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி. 36 இஞ்ச் அகலத்தில் அரை மீட்டர் வாங்கினால் ஒரு பொம்மைக்குப் போக மிச்சமும் இருக்கும். கடையிலிருந்து வரும்போது கஞ்சி ஏறி விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பை நம்பி அப்படியே வெட்டினால் முதல் துவைப்பில் உடம்பு சுருங்கும், உள்ளே இருக்கும் பஞ்சு சுருங்காது, தையல் ஓரமெல்லாம் நெளிந்துவிடும். கொதிநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, கசக்கி அலசி, ஈரம் போவதற்குள் இஸ்திரி போட்டதில் 50 செ.மீ. நீளம் 47 ஆகியிருந்தது. அந்த 3 செ.மீ. முன்கூட்டியே போய்விட வேண்டும்.

காடாவின் நிறம் பாலாடை நிறம். மாநிறத் தோல் வேண்டுமென்றால் தேயிலை போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 4 தேக்கரண்டி தேயிலைத்தூளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு கரண்டி உப்புப் போட்டு, ஏற்கெனவே நனைத்துப் பிழிந்த துணியை அரை மணி நேரம் அமிழ்த்த வேண்டும். காய்ந்த துணியை அப்படியே போட்டதால் இரண்டாவது பொம்மைக்கு முதுகில் மேகம் மேகமாகத் திட்டு விழுந்தது. துணியை முழுக்க நனைத்த பிறகே சாயத்தில் இறக்குவதும், அமிழ்த்தி வைக்கும் நேரமெல்லாம் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருப்பதும் கட்டாயம். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தால் தேயிலைத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நிறம் சாம்பலாகக் கறுத்துவிடும். கடுக்காயிலும் இதே துவர்ப்புச் சத்துதான். கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, இரும்பை ஊறவைத்த கரைசலால் கறுப்புக்கோடு போடுவது இதை வைத்துத்தான். அங்கே வரம், இங்கே கேடு. ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் இரண்டு படி வெளுக்கும் என்பதால் வேண்டியதை விட அடர்த்தியாக எடுக்க வேண்டும். துவைக்கத் துவைக்க இன்னும் கொஞ்சம் மங்கும், அது அழகாகவே மங்குகிறது.

அளவுகளுக்கு வருவோம். கீழே சொல்வதெல்லாம் தைத்து முடித்த அளவு. சுற்றிலும் தையலுக்குக் கால் இஞ்ச் சேர்த்து வெட்ட வேண்டும். தலை 4¼ இஞ்ச் அகலம், 4½ இஞ்ச் உயரம். உடம்பு தோளில் 4 இஞ்ச், அடியில் 4½ இஞ்ச், நீளம் 5 இஞ்ச். கை 5½ இஞ்ச் நீளம், 1¾ இஞ்ச் அகலம். கால் 6½ இஞ்ச் நீளம், 2 இஞ்ச் அகலம். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே துண்டாக முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கைக்கு நான்கு துண்டு, காலுக்கு நான்கு துண்டு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த பொம்மைக்கும் அதுவே ஆகும்.

இப்போது கழுத்து. முதல் பொம்மையில் படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று 1¼ இஞ்ச் அகலம் வைத்தேன். தட்டையாக 1¼ இஞ்ச் என்றால் சுற்றளவு 2½ இஞ்ச். நிறைத்து உருண்டதும் தடிமன் வெறும் 0.8 இஞ்ச்தான். தலையோ 8½ இஞ்ச் சுற்றளவில் 2.7 இஞ்ச் உருண்டை. ஊதிய பலூனைச் சுண்டுவிரலில் நிறுத்துவது போலத்தான். இரண்டாவதில் 1¾ ஆக்கினேன், ஒரு வாரம் நின்று பிறகு சாய்ந்தது. மூன்றாவதில் 2¼. நிறைத்தபின் தடிமன் 1.4 இஞ்ச், அதாவது தலையின் தடிமனில் பாதிக்குக் கொஞ்சம் கூட. வரைந்த அட்டையில் பார்த்தால் கழுத்தே இல்லாத ஆள் போல இருக்கும். நிறைத்த பிறகுதான் கழுத்தாகத் தெரியும். கழுத்தின் உயரமும் அரை இஞ்ச்சுக்கு மேல் வேண்டாம்.

ஆனால் அகலம் மட்டும் காப்பாற்றாது. பஞ்சு எவ்வளவு இறுக்கித் திணித்தாலும் சில நாளில் மேலும் கீழுமாக ஒதுங்கும், கழுத்தில் வெற்றிடம் விழும். இரண்டாவது பொம்மையில் ஐஸ்கிரீம் குச்சி இரண்டைச் சேர்த்துக் கட்டி உள்ளே செருகியது பெரிய தவறு. துவைத்ததும் குச்சி ஊறி வளைந்தது. அதை விட மோசம், முனை தலையின் பின்பக்கம் துணியில் முட்டத் தொடங்கியது. குழந்தை கையில் தரும் எதிலும் குச்சி, கம்பி எதுவும் கூடாது. உடனே பிரித்து எடுத்தாயிற்று.

மூன்றாவதில் வைத்தது துணியாலேயே ஆன தண்டு. பழைய ஜீன்ஸின் காலிலிருந்து நீளவாக்கில் 3½ இஞ்ச் அகலம், 30 இஞ்ச் நீளத்தில் ஒரு பட்டை வெட்டி, பாய் சுருட்டுவது போல இறுக்கச் சுருட்டினால் 1¼ இஞ்ச் தடிமனுள்ள உருளை கிடைக்கும். ஓரத்தைக் கைத்தையலால் அடைத்து, குறுக்கே இரண்டு முறை நூலை ஊடுருவி இழுத்துக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்சுருள் ராக்கெட் போல வெளியே நீண்டுவிடும். தலைக்குள் ஒன்றரை இஞ்ச், கழுத்தில் அரை இஞ்ச், மார்புக்குள் ஒன்றரை இஞ்ச். மேலேயும் கீழேயும் சுற்றிப் பஞ்சு நெருக்கி நிற்பதால் தண்டு நகர்வதில்லை. ஜீன்ஸ் நீலம் கசியக்கூடியது. நன்றாக வெளுத்துப் போனதை எடுப்பது நல்லது. அப்போதும் மேலே வெள்ளைத் துணியை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

இந்தக் கழுத்துச் சிக்கலைப் பழைய கைகள் எப்படித் தீர்த்தன என்று பார்த்தால் துணிப் பொம்மையின் வரலாறே வேறு மாதிரி தெரிகிறது. துணி வளைந்து கொடுக்கும், இழுபடும், அழுக்காகும். இந்த மூன்றோடும் ஆளுக்கு ஆள் மல்லுக்கட்டிய கதை அது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த இஸானா வாக்கர் 1873-இல் காப்புரிமை வாங்கிய முறையில், துணியை அடுக்கடுக்காகப் பசை போட்டு அச்சில் அழுத்தித் தலையை ஓடு போல விறைக்க வைத்து, மேலே எண்ணெய் வண்ணம் பூசினார். தலை சாயாது, ஈரத்துணியால் துடைக்கலாம். அதே மாநிலத்தில் பாடக்கெட் என்ற ஊரில் மார்த்தா சேஸ் பின்னல் துணியை முகத்தின் மேல் இழுத்துப் போர்த்தி, வண்ணம் பூசிக் கழுவக்கூடிய பொம்மைகள் செய்தார். அவர் கை எவ்வளவு தேர்ந்தது என்றால், 1911-இல் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் பள்ளி பயிற்சிக்காக ஆள் உயரப் பொம்மையை அவரிடம்தான் செய்து வாங்கியது. ஜெர்மனியின் கேத்தே க்ரூஸ 1905-இல் தன் மகளுக்குச் செய்த முதல் பொம்மை ஒரு துவாலை. உள்ளே மணல், தலைக்கு ஓர் உருளைக்கிழங்கு. அந்த உருளைக்கிழங்கிலிருந்து 1910-இல் பெர்லின் கடையில் காட்சிக்கு வைக்கும் தரத்துக்கு அவர் வந்து சேர்ந்ததில் பெரும்பங்கு தலைக்குத்தான்.

வெட்டும்போது இழைத் திசையைக் கவனிக்க வேண்டும். துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் திசையில் துணி இழுபடாது. அகலவாக்கில் ஓடும் ஊடைத் திசையில் கொஞ்சம் இழுபடும். குறுக்காக, அதாவது தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் கோணத்தில் ரப்பர் போல இழுபடும். முதல் பொம்மையில் துணியை மிச்சப்படுத்த ஒரு காலைக் கிராஸில் வெட்டியதில், நிறைத்ததும் அந்தக் கால் முறுக்கிக்கொண்டு முழங்கால் பக்கவாட்டில் திரும்பியது. இன்னொரு காலை விட அரை இஞ்ச் நீளமும் கூடிவிட்டது. எல்லாத் துண்டுகளிலும் நீளம் பாவுத் திசையில் இருக்கட்டும்.

தையல் எந்திரத்தில் தையல் நீளம் 2-க்கு மேல் போகக் கூடாது. சட்டைக்கு வைக்கும் நீளத்தில் தைத்தால் நிறைக்கும்போது தையல்களுக்கு நடுவே பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். கழுத்து, அக்குள், கவட்டை ஆகிய மூன்று இடங்களிலும் அதே கோட்டின் மேல் இரண்டாம் முறை ஓட்ட வேண்டும். திருப்புவதற்கு முன் வளைவுகளில் கத்தரிக்கோல் முனையால் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் துணி விரிந்து கொடுக்கும். கழுத்து வளைவில் ஒரு பக்கத்துக்கு நான்கு வெட்டு போதும். தையலுக்கு 2 மி.மீ. தள்ளி நிறுத்த வேண்டும். இரண்டாவது பொம்மையில் ஒரு வெட்டு தையலைத் தொட்டுவிட்டது, அப்போது தெரியவில்லை. தலையை நிறைக்கும்போது சரியாக அந்த இடத்தில் பிளந்தது. நிறைப்பதற்கான வாயைத் தலையிலும் அடியிலும் விடாமல் முதுகின் நடுவே 3 இஞ்ச் விட்டால் வசதி. முதுகுத் துண்டை இரண்டாக வெட்டி நடுவில் இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு மட்டும் கூடுதலாக அரை இஞ்ச் துணி.

ஒல்லியான கையைத் திருப்புவது பலரையும் அலுக்க வைக்கும் வேலை. பென்சிலால் குத்தினால் முனையில் ஓட்டை விழும். இதற்கு நான் கண்டதில் சிறந்த கருவி, பிளம்பிங் வேலையில் மிஞ்சிய அரை இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டு, ஒரு சாண் நீளம். வெளி விட்டம் 21 மி.மீ. கையின் உள்ளளவு 28 மி.மீ. குழாயைத் தைத்த கைக்குள் விட்டு, மூடிய முனையை அகப்பைக் காம்பின் மழுங்கிய பக்கத்தால் குழாய்க்குள் தள்ளினால் கை முழுதும் குழாய் வழியே நல்ல பக்கமாக வெளியே வந்துவிடும். பத்து நொடி வேலை. வெட்டிய குழாயின் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நிறைப்பது. இதில்தான் அதிக நேரம் வீணானது.

முதல் பொம்மையில் துண்டுத் துணிகள். பழைய முறை அதுதானே. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ரோமானியர் காலத்து எகிப்தின் துணிப் பொம்மை, ஆக்சிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்தது, 19 செ.மீ. உயரம், கி.பி. 1-க்கும் 5-க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. முரட்டு லினன் துணிக்குள் கந்தலும் பாப்பிரஸ் என்ற கோரைத் தாளின் துண்டுகளும் அடைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்ததை அடைப்பது என்ற வழக்கம் அவ்வளவு பழையது. மழை தொடாத மணலில் கிடந்ததால் அது நம் காலம் வரை வந்தது. ஈரமான ஊர்களில் செய்த பொம்மைகள் மட்கிப் போயின, பூச்சி அரித்தன, அல்லது குழந்தைகள் இழுத்து இழுத்தே தேய்த்துவிட்டார்கள். பழைய துணிப் பொம்மைகள் அரிதாக இருப்பதற்கு அவை அரிதாகச் செய்யப்பட்டதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

துணித் துண்டு நிறைப்பில் வந்த சிக்கல் இரண்டு. ஒன்று, கூழாங்கல் மூட்டை போல வெளியே முண்டு முண்டாகத் தெரிந்தது. முகத்தில் கன்னத்துக்குப் பதிலாகப் புடைப்பு. இரண்டு, எடை. நிறைப்பு மட்டும் 480 கிராம். அந்த எடையைத் தாங்கும் கழுத்து எதுவும் கிடையாது. துணித் துண்டுதான் வேண்டும் என்பவர்கள் விரல்நகம் அளவுக்குப் பொடியாக வெட்ட வேண்டும். துணிக்கு உட்புறமாக மெல்லிய பஞ்சுப் படலம் ஒன்றைப் பரப்பிவிட்டு நடுவில் மட்டும் துண்டுகளை வைத்தால் முண்டு தெரியாது. தலைக்கு அது வேண்டவே வேண்டாம். உட்காரும் பாகத்துக்குப் போட்டால் பொம்மை நிலையாக உட்காரும், அது ஒரு நன்மை.

இரண்டாவதில் இலவம் பஞ்சு. தலையணைக்கு இதை விட உயர்ந்தது இல்லை என்று இன்றும் சொல்வேன், பொம்மைக்கு ஆகவில்லை. இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. அதனால் கழுத்தில் வைத்தது உடம்புக்குள் நழுவிவிட்டது. காடாவின் நெசவு இடைவெளி வழியே நுண்ணிழை பறந்துகொண்டே இருந்தது. நிறைக்கும் அறையில் மின்விசிறியை அணைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். சுத்தம் செய்யாத பஞ்சில் கொட்டைத் துணுக்குகள் இருந்து, அவை அழுந்திய இடத்தில் எண்ணெய்க் கறை துணிக்கு வெளியே வந்தது. இலவம் இழை தண்ணீரை உறிஞ்சாது என்பது உண்மை. உயிர்காப்புச் சட்டைகளில் அதை நிரப்பியது அதனால்தான். ஆனால் பொம்மையை முக்கித் துவைத்துப் பிழிந்தபோது இழைகள் நசுங்கி உருண்டை உருண்டையாகத் திரண்டன. அதற்குப் பிறகு அது பழைய உப்பலுக்குத் திரும்பவில்லை. இலவம் பஞ்சுதான் வேண்டுமென்றால், நெருக்கமான நெசவுள்ள துணியில் உள்பை தைத்து நிறைத்து, வெளி உடம்பை உறை போலக் கழற்றித் துவைக்கும்படி செய்யலாம்.

மூன்றாவதில் கடையில் ரெக்ரான் என்று கேட்டால் தரும் பாலியஸ்டர் பஞ்சு. கால் கிலோ வாங்கியதில் 160 கிராம் சென்றது. இயற்கைப் பொருள் அல்ல என்பதில் எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் இழை சுருண்டிருப்பதால் ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது, தண்ணீரில் திரளவில்லை, நிழலில் ஒரு நாளில் காய்கிறது. தூக்கி எறிய வைத்திருக்கும் தலையணை ஒன்று வீட்டில் இருந்தால் அதைப் பிரித்து எடுப்பதே முறை, புதிதாக வாங்க வேண்டாம். பஞ்சைப் பிடி பிடியாக அடைக்காமல், நெல்லிக்காய் அளவுக்குப் பிய்த்துப் பிய்த்து, முதலில் தலை உச்சி, பிறகு இரு கன்னம், பிறகு நெற்றி என்று ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். தலை முக்கால் நிறைந்ததும் தண்டைச் செருகி, அதைச் சுற்றிலும் காம்பால் குத்திக் குத்திக் கெட்டியாக்க வேண்டும். போதும் என்று தோன்றிய பிறகும் தலைக்கு இன்னும் இரண்டு கைப்பிடி உள்ளே போகும். அழுத்தினால் பழுக்காத கொய்யா போல இருக்க வேண்டும். கை காலுக்கு இவ்வளவு கெட்டி தேவையில்லை.

காலில் நடு நீளத்தில் குறுக்கே ஒரு தையல் போட்டால் முழங்கால். கையிலும் அதே. காலின் மேல் முனையில் முக்கால் இஞ்ச் பஞ்சில்லாமல் விட்டு உடம்பின் அடித்தையலுக்குள் செருகித் தைக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கால்களைச் செருகும்போது உடம்பு உள்பக்கம் வெளியே இருக்கும். கால்கள் தலைப்பக்கம் பார்த்து உடம்புக்குள்ளே கிடக்கும். பாத முனை முன்துண்டைப் பார்த்து இருக்கிறதா என்று ஊசி குத்தி வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எந்திரத்தில் ஓட்ட வேண்டும். முதல் பொம்மையில் இரண்டு பாதமும் முதுகுப்பக்கம் பார்த்தன, பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. காலின் இரண்டு தையலும் பக்கவாட்டில் இல்லாமல், ஒன்று முன் நடுவிலும் ஒன்று பின் நடுவிலும் வருமாறு திருப்பி வைத்தால் பாதம் முன்னோக்கி நிற்கும்.

முகத்தை நிறைத்த பிறகுதான் போட வேண்டும். தட்டைத் துணியில் முன்பே எம்ப்ராய்டரி போட்டால் உருண்டதும் கண்கள் காது பக்கம் ஒதுங்கிவிடும். இரண்டு குண்டூசிகளைக் கண்ணாக வைத்து எட்ட நின்று பார்த்து நகர்த்தலாம். தலையின் சரிபாதி உயரத்துக்கு அரை இஞ்ச் கீழே கண் இருந்தால் குழந்தை முகம் வருகிறது. மேலே ஏற ஏற வயது ஏறுகிறது. இரு கண்ணுக்கும் நடுவே 1½ இஞ்ச். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழை பிரித்துக்கொண்டு, கண்ணுக்கு நெருக்கமாக நிரப்பும் தையல், வாய்க்குப் பின்தையல். 3 இஞ்ச் நீள ஊசி இருந்தால் உச்சியிலிருந்து குத்திக் கண்ணில் எடுத்து, முடிச்சை உச்சியிலேயே விட்டு முடிக்குள் மறைத்துவிடலாம். ஸ்கெட்ச் பேனாவால் குறித்தது இரண்டாவது பொம்மையின் அடுத்த தவறு. ஈரம் பட்டதும் மை இழை வழியே ஓடி, கண்ணுக்குக் கீழே கறுத்த கோடாக நின்றது. டெய்லர் சாக்பீஸைக் கூராக்கி வைத்துக்கொண்டால் போதும்.

முகத்தில் குறைவாகப் போடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். சிரிப்பைப் பெரிதாகத் தைத்துவிட்டால் குழந்தை அழும்போதும் அது சிரித்துக்கொண்டே இருக்கும். இரண்டு புள்ளியும் ஒரு சிறு கோடும் இருந்தால் எந்த மனநிலைக்கும் அந்த முகம் ஒத்துப்போகிறது. உக்ரைனின் மோதாங்கா பொம்மைக்கு முகமே கிடையாது, ஊசி படாமல் துணியைச் சுற்றியும் முடிந்தும் மட்டுமே செய்வார்கள், முகத்தின் இடத்தில் நூலால் ஒரு சிலுவை. அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீடுகளின் பொம்மைகளும் முகமில்லாதவை. ஜெர்மனியில் தோன்றிய வால்டார்ஃப் பள்ளிகளின் பொம்மைகளுக்குக் கண்ணும் வாயும் வெறும் குறிப்புதான். அச்சில் வார்த்த பொம்மையால் தர முடியாத ஒன்று இதில் கிடைக்கிறது. மீதியைக் குழந்தை தானே போட்டுக்கொள்கிறது.

முடிக்குக் கறுப்பு உல்லன் நூல், ஒரு உருண்டை. பத்து இஞ்ச் அட்டையில் 90 சுற்றுச் சுற்றி ஒரு முனையில் வெட்டி விரித்து, நடு வகிட்டில் பின்தையல் போட்டுத் தலையோடு சேர்த்துத் தைத்து, பின்னந்தலையில் இரண்டு வரிசை கீழே பிடித்துவிட்டால் ரெட்டைச் சடை பின்னலாம். முதல் பொம்மையில் பசை போட்டு ஒட்டியது காய்ந்து வைக்கோலாகி, துவைத்ததும் கொத்துக் கொத்தாக வந்தது. கறுப்பு நூலைத் தைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணிக்கு நடுவே அழுத்திப் பார்க்க வேண்டும். கறை ஒட்டினால் அந்த நூல் வேண்டாம், பொம்மையின் நெற்றியெல்லாம் கறுத்துவிடும். உல்லன் நூல் முடியை உலகம் முழுக்கப் பரிச்சயமாக்கியது ராகெடி ஆன் என்ற அமெரிக்கத் துணிப் பொம்மைதான். அதை உருவாக்கிய ஜானி க்ரூல் அதன் வடிவத்துக்கு 1915-இல் காப்புரிமை பெற்றார், 1918-இல் கதைப் புத்தகமும் பொம்மையும் விற்பனைக்கு வந்தன. சிவப்பு நூல் முடி, முக்கோண மூக்கு. பழைய ராகெடி ஆன்களுக்கு ஷூ பொத்தான் கண். அந்தக் கண்ணை மட்டும் இன்று பின்பற்றக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கையில் பொத்தான் வைத்த பொம்மை எதையும் தர வேண்டாம்.

பாவாடைக்குப் பழைய சுங்குடிச் சேலையின் கரையிலிருந்து 5 இஞ்ச் உயரம், 24 இஞ்ச் நீளம். கரை ஓரத்தை அப்படியே கீழ்விளிம்பாக வைத்தால் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். சட்டைக்கு ஒரு சாண் துணி. இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

செலவு: காடா அரை மீட்டர் 45 ரூபாய், பஞ்சு கால் கிலோ 75, தையல் நூல் 15, எம்ப்ராய்டரி நூல் மூன்று கண்டு 36, உல்லன் நூல் 35, நீள ஊசி 20. ஆக 226 ரூபாய். எங்கள் பக்கத்துக் கடை விலை இது. உடுப்போடு சேர்த்துப் பொம்மையின் எடை 265 கிராம். எந்திரம் தெரிந்த கைக்கு மூன்று மாலை, மொத்தம் ஒன்பது மணி நேரம். அதில் நான்கு மணி நேரம் நிறைப்பதற்கும் முகத்துக்கும்.

சோதனை கடுமையாகவே நடந்தது. இடுப்பைப் பிடித்து 40 முறை முன்னும் பின்னும் உலுக்கினாலும் தலை பழைய இடத்துக்குத் திரும்பியது. துவைத்தபோது உடம்பு ஒரு நாளில் காய்ந்தது. கழுத்துத் தண்டு மட்டும் மூன்று நாள் ஈரமாக இருந்தது, தொட்டால் தெரியாது, மோந்தால் தெரியும். மழைக்காலத்தில் இது பூசணத்துக்கு வழி விடும். ஜீன்ஸை இவ்வளவு இறுக்கிச் சுருட்டியதன் விலை அது. நான்காவது பொம்மைக்கு ஜீன்ஸுக்குப் பதில் பாலியஸ்டர் ஃபெல்ட் சுருட்டிப் பார்க்கத் திட்டம். அதே 1¼ இஞ்ச் தடிமன், ஜீன்ஸ் அளவுக்குத் தண்ணீர் பிடிக்காது.

வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பகம், மீனவப் பெண்களோடு சேர்ந்து தன் துணிக் கழிவிலிருந்து செய்யத் தொடங்கிய சுனாமிகா பொம்மைகள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. அவற்றை விற்பதில்லை, பரிசாகவே கொடுத்தார்கள். அவ்வளவு சிறிய அளவில் நிறைக்கும் சிக்கலும் இல்லை, கழுத்துச் சிக்கலும் இல்லை. தலைக்கு ஓர் உருண்டைத் துணி, கழுத்தில் நூல் சுற்று என்று முடித்துவிடலாம். அரை மீட்டர் காடாவில் மிஞ்சிய துணி இப்படிப்பட்ட நான்கு குட்டிப் பொம்மைகளுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொரு மாற்றமும் அடுத்த முறைக்கு உண்டு. முதுகின் வாயை மூடும் கைத்தையல், இரு மடிப்புக்குள்ளும் மாறி மாறி எடுத்து இழுப்பது, வெளியே தெரியாது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எட்டு மாதம் கழித்துப் பஞ்சு தளர்ந்து இன்னொரு கைப்பிடி போட வேண்டும் என்னும்போது எங்கே பிரிப்பது என்று தேட வேண்டியிருக்கும். முதல் பொம்மையைப் பிரித்தபோது தெரியாமல் எந்திரத் தையலை வெட்டித் துணியையும் சேர்த்து வெட்டியாயிற்று. துணிப் பொம்மையின் பெரிய வசதியே பிரித்து மறுபடி அடைக்கலாம் என்பதுதான். பீங்கான் தலை உடைந்தால் முடிந்தது, பிளாஸ்டிக் கை கழன்றால் முடிந்தது. ஆகவே நான்காவது பொம்மையின் முதுகு வாயைச் சிவப்பு நூலால் தைப்பேன், சட்டைக்கு அடியில்தான் இருக்கும். வேறொருவர் அதைத் திறக்க நேர்ந்தாலும் எந்த நூலை அறுக்க வேண்டும் என்று உடனே தெரியும்.